நாய்க்குக் கால் தேடி பத்து காஜா வரை

முதல் தவணை விடுமுறை தொடங்கிய வாரம், எங்கள் டைகரின் முன்னங்காலில் லாரிச் சக்கரம் ஏறியது. இடது பாதம் முழுக்க நசுங்கிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் நான் வழக்கமாகப் போகும் மிருக வைத்தியர் கட்டுப் போட்டு, சீழ் பரவாமல் ஊசியும் போட்டு, நாயைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பாதம் பிழைக்காது, திங்கட்கிழமை அறுவை செய்ய வேண்டும், எடுப்பதென்றால் தோளோடு எடுப்பதுதான் முறை என்றார்.

முழங்கைக்குக் கீழே வெட்டினால் போதாதா என்று கேட்டேன். மிச்சக் கால் தரையில் உரசிப் புண்ணாகும், பிறகு இரண்டாம் முறை வெட்ட வேண்டிவரும் என்றார். மூன்று கால் நாய் நன்றாகவே ஓடும் என்றும் சொன்னார். மற்ற நாய்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். டைகருக்குப் பதினோரு வயது, முப்பத்தைந்து கிலோ எடை. வலது முன்னங்காலின் முழங்கை இரண்டு வருடமாக வீங்கியிருக்கிறது. முன்பக்கத்துப் பாரம் முழுவதும் அந்த ஒரு காலில் இறங்கினால் எவ்வளவு காலம் தாங்கும்? "பார்க்கலாம்" என்றார் வைத்தியர். எழுந்து நடக்க முடியாத பெரிய நாயைத் தனியாக இருக்கும் ஒரு பெண் எத்தனை நாள் தூக்கிச் சுமப்பாள், கடைசியில் என்ன ஊசி போடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு செய்தி சொன்னார். ஈப்போ பக்கம் பத்து காஜா என்ற ஊர்க்காரர். "எங்க ஊர்ப் பக்கம் சவரின்னு ஒருத்தர் இருக்காரு டீச்சர். நாய், பூனைக்கெல்லாம் ரப்பர்ல காலு செஞ்சு மாட்டுறாரு. பாதிக் காலு மிச்சம் இருந்தா போதும். காசே வாங்க மாட்டாரு."

கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. விலை சொல்கிறவருக்கு என்ன வேண்டும் என்பது எனக்குப் புரியும். இலவசமாகக் கொடுக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று தெரிவதில்லை.

ஆனாலும் கணக்கு எளிமையானது. தோளோடு வெட்டிவிட்டால் எந்தச் செயற்கைக் காலையும் மாட்ட முடியாது. கீழே வெட்டிய பிறகு ரப்பர் கால் என்பது வெறும் பேச்சு என்று தெரிந்தால், கிழ நாய்க்கு இரண்டு அறுவைகள். ஞாயிறு இரவுக்குள் வைத்தியருக்கு முடிவைச் சொல்ல வேண்டும். டைகரைக் கூண்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை காலை நான் மட்டும் கிளம்பினேன். என்னைப் போன்ற நிலையில் இருக்கும் இரண்டொருவர் கேட்டுக்கொண்டதால் இதை விவரமாக எழுதுகிறேன்.

கோலாலம்பூர் புடுராயா நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு விரைவு பஸ் ஏழரை மணிக்கு. தூரம் சுமார் இருநூற்று இருபது கிலோமீட்டர், கட்டணம் எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட். தஞ்சோங் மாலிமைத் தாண்டினால் சாலை முழுக்க மரம் ஏற்றிய லாரிகள்தாம். சிலிம் ரிவரில் பத்து நிமிடம் நிறுத்துகிறார்கள். கழிவறையை நம்ப வேண்டாம், தேநீரை நம்பலாம். நான்கரை மணி நேரத்தில் ஈப்போ. குளிரூட்டியை வாடைக்காற்றுப் போல் வைத்திருப்பார்கள், மெல்லிய போர்வை ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.

பஸ் நிலையத்தில் ஒரு டாக்சியை இரண்டு நாளுக்குப் பேசினேன். ஓட்டுநர் செல்வம், முப்பது வயதிருக்கலாம். சவரி என்று சொன்னதுமே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சவரி அண்ணனா? அவரைத் தெரியாத நாயி இந்தப் பக்கத்துல இல்லக்கா. மொதல்ல புந்தோங் போலாம். அங்க மளிகைக் கடை கோவிந்தன் வீட்டு நாயிக்குச் செஞ்சிருக்காரு."

நான் கேட்காமலே ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, இவருக்கு இதில் என்ன பங்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

புந்தோங் நகரத்திலிருந்து கால் மணி நேரம். கோயில், அதை ஒட்டிச் சிறு கடைகள், எங்கு பார்த்தாலும் மோட்டார் சைக்கிள்கள். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதுமே செல்வம் கழுத்தை வெளியே நீட்டிக் கத்தினார்: "அண்ணே! சவரி அண்ணன் செஞ்ச காலைப் பாக்க கோலாலம்பூர்லேந்து டீச்சர் வந்திருக்காங்க!"

கடைக்காரர் கோவிந்தன் முதலில் என்னைப் பார்க்கவில்லை. உள்வாசலைப் பார்த்து, "ஏய், டாமியக் கூட்டிட்டு வா!" என்றார். உள்ளே ஏதோ பரபரப்பு. வார்ப்பூட்டு மாட்டும் சத்தம். பிறகு ஒரு கறுப்பு நாய் நான்கு காலில் வெளியே வந்தது, கல்யாணத்துக்குப் புதுச் சப்பாத்து போட்டவர் நடப்பதுபோல.

குனிந்து பார்த்தேன். பிரம்புத் தண்டு, மேலே ரப்பர் பாலில் தோய்த்துச் செய்த உறை, கீழே டயரை வெட்டி ஒட்டிய அடி. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நாளாகப் போட்டிருக்கிறது?"

"எட்டு மாசம்லா டீச்சர்."

"நாள் முழுவதுமா?"

"பூராவும்லா! தூங்கும்போதுகூட கழட்ட விடாது. அவரு கை தெய்வக் கை."

கேட்டதற்கு மேல் பதில் சொல்கிற மாணவிகளை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். எட்டு மாதம் சிமெண்டுத் தரையில் தேய்ந்திருக்க வேண்டிய அடியில் டயரின் கோடுகள் கூராக இருந்தன. வாருக்கு அடியில் முடி அடர்த்தியாகவே இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பிஸ்கட் வாங்கும் சாக்கில் நடந்தே திரும்பிப் போனேன். டாமி மூன்று காலில் பாய்ந்து ஒரு மோட்டார் சைக்கிளைத் துரத்திக்கொண்டிருந்தது. ரப்பர் கால் அரிசி மூட்டையின் மேல் கிடந்தது.

அடுத்து பத்து காஜா, பதினாறு கிலோமீட்டர். பழைய ஈயக் குட்டைகளை ஒட்டியே சாலை போகிறது. இந்த முறை யாரிடமும் எதையும் அறிவிக்கக் கூடாது என்று செல்வத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"வாயைத் தொறக்காம டாக்சி ஓட்டுறது ரொம்ப சூசா, கஷ்டம்கா" என்றார். ஆனாலும் அடங்கினார்.

செல்வம் சொன்ன அடுத்த ஆள், கிரேஸ் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸி. வீட்டு மதிலின் மேல் ஒரு சாம்பல் பூனை பின்னங்கால் ஒன்று பாதியில் முடிந்திருக்க, சுகமாகப் படுத்திருந்தது. நான் கிட்டே போனதும் மூன்று காலால் தாவிக் கூரைக்கு ஏறிவிட்டது. உள்ளே அழைத்து உட்கார வைத்தார் மிஸி. பக்கத்தில் தையல் இயந்திரம். அதன்மேல் விரல் நீளத்தில் ஒரு ரப்பர் கால். அதில் வரிசையாக ஊசிகள் குத்தியிருந்தன.

நான் எதைப் பார்க்கிறேன் என்று மிஸி கவனித்துவிட்டார். முகம் சிவந்தது.

"சவரிகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர். அவரு புதன்கிழமை அந்தியில வருவாரு. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஊசியெல்லாம் புடுங்கிட்டு மாட்டி விட்டுருவேன். அவரு இருக்குற வரைக்கும் பூனை பொம்மை மாதிரி உக்காந்திருக்கும். 'பாருங்க மிஸி, எவ்ளோ பழகிருச்சு'ம்பாரு."

"உதவவில்லை என்று சொல்லலாமே?"

"எப்படிச் சொல்றது? ஒரு காசு வாங்கல. வாரா வாரம் வந்து பாக்குறாரு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? கோவிந்தனும் இப்படித்தான். எல்லாருமே இப்படித்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்கியம் ஒருத்தியத் தவிர. ரப்பர் தோட்டத்துல இருக்கா. அவ வாயில சவரியப் பத்தி நல்ல வார்த்தையே வராது. ஞாயித்துக்கிழமை காலையில அவரு அங்கதான் போவாரு, ஏச்சு வாங்கிக்கிட்டு வருவாரு" என்றார்.

அன்று ஈப்போவில் ரயில் நிலையத்துக்கு அருகே தங்கினேன். அறை பதினெட்டு வெள்ளி, சுத்தம். தோளோடு எடுத்துவிடுங்கள் என்று வைத்தியரிடம் அப்போதே சொல்லியிருப்பேன். ஏமாற்று வேலை இல்லை என்பது தெளிவாகிவிட்டது. உதவாத பொருள் என்பதும் தெளிவாகிவிட்டது. ஆனால் ஒரே ஒருத்தி குறை சொல்கிறாள் என்றால், அவள் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு செய்வதுதான் ஒழுங்கு.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனோம், பத்து காஜாவிலிருந்து ஏழு கட்டை, அதாவது ஏழு மைல். கடைசி இரண்டு கட்டை செம்மண். பாதித் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பத்து வீட்டுக்கு ஆறு பூட்டிக் கிடந்தது. பாக்கியம் வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தார்.

"காலா அது? வெளக்குமாத்துக் கட்டை! மொதல்ல செஞ்சது மழையில வழுக்குச்சு. அடுத்தது அக்குள்ல அறுத்துச்சு. அதுக்கப்புறம் நீளம் கூடிப்போச்சு, நாயி நண்டு மாதிரி ஒரு பக்கமாவே நடக்குது! கழட்டு, வெட்டு, ஒட்டுன்னு நான் கத்துன கத்துல என் தொண்டையே போச்சு டீச்சர். இப்ப உள்ளது ஏதோ பரவால்ல. ஆனா அந்த வாரு இருக்கு பாருங்க..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோழி கருவாட்டுக்கு வந்தது. ஒரு வெள்ளை நாய் அதை விரட்டிக்கொண்டு கால்வாய்ப் பலகையைத் தாண்டி ஓடி, திரும்பி வந்து நிழலில் நின்றது. அதன் இடது முன்னங்கால் ரப்பர் கால் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மண்டியிட்டுப் பார்த்தேன். அடியில் டயரின் கோடு ஒன்றுகூட இல்லை, வெளிப்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. வாருக்கு அடியில் முடி உதிர்ந்து தோல் பளபளத்தது. வலது முன்னங்கால் கோணலாக இருந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணியில் இரண்டு காலும் சிக்கி, ஒன்று போய், மற்றது வளைந்துவிட்டதாம். கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பாக்கியம் வாரை அவிழ்த்தார். வெள்ளச்சி என்ற அந்த நாய் இரண்டு எட்டு வைத்தது. கோணல் கால் மடங்கி, தாடை தரையில் இடித்து, அப்படியே படுத்துவிட்டது.

டாமிக்கும் பூனைக்கும் மற்ற மூன்று கால்களும் நல்ல கால்கள். அவற்றுக்கு இது தேவையே இல்லை. இதற்குத் தேவை. என் நாய்க்கும் தேவை.

"மற்றவர்கள் யாரும் குறை சொல்வதில்லையாமே?"

"அவங்க ஓசியில வாங்குனவங்க டீச்சர், வாயத் தொறக்க முடியுமா? நான் சேவல் குடுத்து வாங்கினேன். வேணாம் வேணாம்னாரு. புடிச்சு மோட்டார்ல கட்டி விட்டுட்டேன். என் சேவல் என்னா சேவல் தெரியுமா!"

சவரி, முழுப்பெயர் சவரிமுத்து, பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ள நடை. வார நாட்களில் டயர்க் கடையில் வேலையாம். பாக்கியத்தின் ஏச்சைக் காதில் வாங்காதவர்போல வாரைப் பிரித்து எடுத்து, அரத்தால் உறையின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தார். ஏன் காசு வாங்குவதில்லை என்று கேட்டேன்.

"காசு வாங்கினா குறை சொல்வாங்க டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாம் செய்தது எல்லாம் நடக்கிறது என்று நம்புகிறவர், டைகருக்கும் அரிசி மூட்டை மேல் கிடக்கும் காலைத்தான் செய்வார். மிஸி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தும் சொன்னேன். டாமியின் அடியில் கோடு அழியாததையும், பூனையின் காலில் ஊசி இருந்ததையும், பார்த்தது பார்த்தபடி.

"யாரு சொன்னா?" என்றார். சிரிப்பு போய்விட்டது.

"நானே பார்த்தேன்."

"கோவிந்தன் நாயி போன வாரம் என் கண்ணு முன்னாடி நடந்துச்சு!"

"நீ போனா நடக்கும், நீ வந்துட்டா கழட்டிருவாங்க. ஊருக்கே தெரியும்லா!" என்றார் பாக்கியம்.

சவரிமுத்து அரத்தைக் கீழே வைத்தார். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். போய்விட்டார். வெள்ளச்சியின் கால் உறை வேறு, வார் வேறாகத் தரையில் கிடந்தது.

பாக்கியம் என்மேல் திரும்பினார். "ஏன் டீச்சர் சொன்னீங்க? நான் ஏசுறது வேற. எனக்கு அவரு, அவருக்கு நானு. இப்ப என் நாயிக்குக் காலு யாரு மாட்டுவா?"

நாய் எழ முயன்று மறுபடி படுத்தது. டாக்சியில் சாய்ந்திருந்த செல்வம் மெதுவாக, "இன்னிக்கி வாயத் தொறந்தது நான் இல்லக்கா" என்றார். இவ்வளவு தூரம் வந்து, எனக்கு உதவக்கூடிய ஒரே ஆளையும் விரட்டிவிட்டு, இன்னொருவர் நாயையும் படுக்க வைத்துவிட்டேன் என்று தோன்றியது. கிளம்பவும் மனமில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு மோட்டார் சத்தம் கேட்டது. சவரிமுத்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பூனையின் காலை எடுத்தார். ஊசிகள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"மிஸி அழுவுறாங்க. அழாதீங்கன்னு சமாதானம் சொல்றதுக்கே நேரம் போயிருச்சு." பிறகு பாக்கியத்தைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"ரெண்டு வருஷமா வேற என்னா பண்ணிக்கிட்டிருக்கேன்? மொதல்ல என் நாயி காலை மாட்டு!"

மாட்டினார். நாய் எழுந்து உதறிக்கொண்டு போனது. அவர் அதன் நடையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் டைகரின் எடையைக் கேட்டார், வலது முழங்கையைப் பற்றிக் கேட்டார், வீக்கம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"இந்த எடைக்கு நான் செஞ்சதில்ல டீச்சர். முழங்கைக்குக் கீழ நாலு விரல் அகலமாவது விடச் சொல்லுங்க. செய்வேன். நடக்கும்னு சொல்ல மாட்டேன்."

இந்தப் பயணத்தில் நான் முழுதாக நம்பிய முதல் வாக்கியம் அது. அன்று மாலை ஓட்டலிலிருந்து வைத்தியரின் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். முழங்கைக்குக் கீழே வெட்டுங்கள் என்றேன். உங்கள் பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும் என்றார். தருகிறேன் என்றேன்.

புண் முழுவதும் ஆறிய பிறகு, அடுத்த விடுமுறையில் டைகரைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வெளியூர் டாக்சியில் நான்கு இருக்கைக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். முஸ்லிம் ஓட்டுநர்களிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள், நாயை ஏற்றச் சம்மதிக்கும் சீன, தமிழ் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். கோணிச் சாக்கு இரண்டு, தண்ணீர்க் கிண்ணம், கழுத்து வார் கட்டாயம். ஒரே நாளில் போய் வரலாம் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதை ரப்பர் பாலில் பலமுறை தோய்த்துக் காய வைக்கவே மூன்று நாள் ஆகிறது. பத்து காஜா ரெஸ்ட் ஹவுஸில் நாயோடு தங்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வெட்டுவதற்கு முன்பே போவது எல்லாவற்றையும்விட முக்கியம். தோளோடு எடுத்த நாயைக் கொண்டுபோய்ப் பயனில்லை. மற்ற மூன்று காலும் நன்றாக இருந்தால் போகவே வேண்டாம்.

போகும்போது ஏதாவது கொடுங்கள். மறுப்பார். வைத்துவிட்டு வாருங்கள். பிறகு குறை சொல்லுங்கள். டைகருக்கு முதலில் செய்த கால் எடை தாங்காமல் வளைந்தது. சொன்னேன். இரண்டாவது உறைக்குள் வியர்த்துத் தோல் வெந்தது. அதையும் சொன்னேன். அவர் முகம் கோணும். பழகிக்கொள்கிறார். சவரிமுத்தே போய்க் கோவிந்தன் நாயின் காலைத் திரும்ப வாங்கிவிட்டாராம். கோவிந்தன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம். பூனையின் கால் மறுபடி மிஸியின் தையல் இயந்திரத்துக்கே போய்விட்டது, இப்போது எல்லோருக்கும் தெரிந்தே.

மூன்றாவது காலைத்தான் டைகர் இப்போது போட்டிருக்கிறான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் தோல் சிவக்கிறது. வலது முழங்கையின் வீக்கம் குறையவில்லை. ஒரு நாள் அதுவும் விட்டுப்போகும், அன்று ரப்பர் கால் மட்டும் அவனைத் தாங்காது. அதனால் என் முடிவு சரியா என்று கேட்கிறவர்களுக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இன்று காலை ரப்பர் காலை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தபோது நல்ல மழை. அவன் தானாக எழுந்தான், படி இறங்கினான், வேலியோரம் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு நனைந்தபடியே திரும்பி வந்தான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தூக்க வேண்டியிருக்கவில்லை.